இரண்டு ஊசி, ஒரே நூல்

பேருந்து நிலையத்து வாசலில் குடையின் கீழ் உட்கார்ந்து செருப்புத் தைப்பவரின் கைகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அவர் பிடித்திருப்பது நுனியில் கொக்கி வெட்டிய குத்தூசி. மேலிருந்து தோலைத் துளைத்து, அடியில் இடது கை நீட்டும் நூலைக் கொக்கியில் மாட்டி, வளையமாக மேலே இழுத்து, நூலின் மறுமுனையை அந்த வளையத்துக்குள் விட்டு இறுக்குகிறார். கண் இமைப்பதற்குள் ஒரு தையல் முடிந்துவிடுகிறது. தையல் மெஷின் செய்வதும் ஏறக்குறைய இதேதான். மேல்நூலும் பாபின் நூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. வேகமான தையல், நல்ல தையல். ஆனால் ஒரு பக்கத்து நூல் ஓரிடத்தில் தேய்ந்து அறுந்தால் மறுபக்கத்து நூலுக்குப் பிடிமானம் போய்விடும். இழுபடும் இடமாக இருந்தால் அங்கிருந்து வரிசையாகப் பிரியத் தொடங்கும்.

குதிரைக்குச் சேணம் தைத்தவர்களுக்கு இது கட்டுப்படியாகவில்லை. ஓடும் குதிரையில் அங்கவடி வார் பிய்ந்தால் போவது உயிர். அவர்கள் கையாண்ட வழி வேறு. நீளமான ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிர்த் திசையில் கடந்துபோகும். முன்பக்கம் தெரியும் தையல்களில் ஒன்று இடது முனையுடையது, அடுத்தது வலது முனையுடையது. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் இன்னொரு முனையின் நூல் அதே துளைகளுக்குள் இறுகி நிற்கும்; தோல் பிரியாது. இதுதான் சேணத் தையல். பொழுதுபோக்காகத் தோல் வேலை செய்கிறவர்கள் சாடில் ஸ்டிச் என்பார்கள். சாதாரணத் தையல் மெஷினால் இதைப் போட முடியாது, ஏனென்றால் நூல் முழுவதும் ஒவ்வொரு துளையிலும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயாக வேண்டும். 1837-ல் பாரிஸில் குதிரைச் சாதனங்கள் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய எர்மேஸ் நிறுவனத்தின் கைப்பைகளில் இன்றும் இந்தக் கைத்தையல் உண்டு. அமெரிக்கரான அல் ஸ்டோல்மன் 1977-ல் தோல் கைத்தையலுக்கென்றே ஒரு புத்தகம் எழுதி, அதற்கு வேண்டிய படங்களையும் வரைந்து வெளியிட்டார். பட்டறைக்குள் கைமாறிவந்த வித்தையைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து கற்கலாம் என்ற தைரியத்தைப் பலருக்கும் கொடுத்த புத்தகம் அது.

நம் ஊரில் இதைத் தொடங்குகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. தோலைத் தொட்டதற்காகவே ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அறிவு இது. அவர்களுக்கு இழிவென்று சுமத்தப்பட்ட வேலையை நாம் ஞாயிற்றுக்கிழமை ஆசையாக எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கடனை உணர்ந்துதான் கத்தியைத் தொட வேண்டும் என்று நினைக்கிறேன். குடையின் கீழ் இருப்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கத்தியை எந்தச் சாய்வில் தீட்டுவது, நூலுக்கு எவ்வளவு மெழுகு பிடிக்கும் என்பதையெல்லாம் கையில் கொடுத்தே காட்டுவார்.

முதலில் தோலைப் பற்றி. விலங்கின் பச்சைத் தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிப் பிணைந்த ஒரு பரப்பு. ஈரமாக விட்டால் அழுகும், காயவைத்தால் விறைக்கும். பதனிடுதல் இந்த இரண்டையும் தடுக்கிறது. மரப்பட்டையில் உள்ள டானின் இழைகளோடு பிணைந்து, அவற்றின் இடைவெளிகளையும் நிரப்பினால் அது பட்டைத் தோல். குரோமிய உப்பு அந்த வேலையைச் செய்தால் குரோம் தோல். தமிழ்நாட்டுக்குப் பட்டைத் தோலில் நீண்ட வரலாறு உண்டு. ஆவாரம்பட்டையிலும் கொன்றைப் பட்டையிலும் ஊறவைத்து, கடுக்காயில் முடித்த தோல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, ஈ.ஐ. தோல் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கியது. அந்தப் பெயருக்குப் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. குரோம் முறையை இங்கே பரப்ப 1903 வாக்கில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் சோதனைகள் தொடங்கினார். 1948-ல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு வளர்ந்தன. பாலாறும் கெட்டது. அந்த மாசுக்காக வேலூர் மக்கள் நடத்திய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் போக்கையே மாற்றியது. தோல் வாங்கும்போது எந்தத் தொழிற்சாலையில் பதனிட்டது, கழிவு எங்கே போகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்கத்தான் விற்கிறவர்கள் தெரிந்துவைத்திருப்பார்கள்.

கைவேலைக்குப் புதியவருக்குப் பட்டைத் தோல்தான் ஏற்றது. விறைப்பாக நிற்கும், கத்திக்கு வழுக்காமல் வெட்டுப்படும், தண்ணீர் தொட்டால் வளைந்து கொடுத்துக் காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே நிற்கும், ஓரத்தைத் தேய்த்தால் பளபளக்கும். குரோம் தோல் மிருதுவானது, தண்ணீரையும் சூட்டையும் அதிகம் தாங்கும். ஆனால் ஓரம் பஞ்சுபோலக் கிளம்பி நிற்கும், தேய்த்தாலும் படியாது. கடையில் இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, வெட்டிய ஓரத்தைப் பார்ப்பது. உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் குரோம். பழுப்பாக இருந்தால் பட்டைத் தோலாக இருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது உறிஞ்சிக் கறுக்கிறதா என்றும் பார்க்கலாம்.

சென்னையில் தோலுக்குப் பெரியமேடுதான் இடம். சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். பரப்பளவைத் தோலின் பின்பக்கம் எழுதியிருப்பார்கள். முழுத் தோலில் எல்லா இடமும் ஒன்றல்ல. முதுகுப் பகுதியில் இழை நெருக்கமாக, அழுத்தமாக இருக்கும். வயிற்றுப் பகுதி தளர்ந்து இழுபடும். அதில் பெல்ட் வெட்டினால் சில மாதத்தில் நீண்டுபோகும். கழுத்தில் சுருக்கக் கோடுகள் வரும். கார்டு வைக்கும் சின்னப் பர்ஸுக்கு 1 முதல் 1.2 மில்லிமீட்டர் தடிமன் போதும், பெல்ட்டுக்கு 3.5 முதல் 4 வரை வேண்டும். தொடங்குகிறவர் முழுத் தோல் வாங்க வேண்டியதில்லை. நல்ல வெட்டுத் துண்டுகள் கிடைத்தால் அவற்றிலேயே கை பழகலாம்.

இனி கத்தி. பிளேடு உடைத்து மாற்றும் கட்டர் ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, முதல் இழுப்பில் மேல்தோலை மட்டும் கீறிவிட்டு, இரண்டாவது மூன்றாவது இழுப்பில் முழுக்க வெட்டுங்கள். ஒரே மூச்சில் அறுக்கப் பார்த்தால் தோல் நகர்ந்து கோடு வளையும். மடிப்பு வரும் இடத்திலும், இரண்டு மூன்று அடுக்கு சேரும் ஓரத்திலும் தோலை உள்பக்கமிருந்து சீவி மெலிதாக்க வேண்டும். அதற்கு அகலமான, தட்டையான கத்தி. கிரானைட் துண்டு அல்லது தடித்த கண்ணாடியின் மேல் தோலைக் கவிழ்த்து வைத்து, கத்தியை ஏறக்குறையப் படுக்கவைத்துத் தள்ளிச் சீவுவார்கள். இங்கே கூர்மைதான் எல்லாம். ஒரு மரப்பலகையில் தோல் துண்டை ஒட்டி, பச்சை நிற குரோமியம் ஆக்சைடு பசை தடவி, கத்தியின் வாயைப் பின்னோக்கி இழுத்து அடிக்கடி தீட்டிக்கொண்டே இருங்கள். மழுங்கிய கத்தி கூடுதல் பலம் கேட்கும். கூடுதல் பலம் கொடுத்துத் தள்ளும்போதுதான் கத்தி வழுக்கி விரலில் இறங்குகிறது.

தோல் வேலையின் கடினமான உண்மை துளையில் இருக்கிறது. துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம், துணி மறந்துவிடும். தோலில் போட்ட துளை போட்டதுதான். அதனால்தான் இந்தக் கைவினையின் பாதிக் கருவிகள், துளை எங்கே விழ வேண்டும், எப்படி விழ வேண்டும் என்பதற்காகவே உருவானவை. தைக்கும் ஊசிக்கு இதில் பங்கே இல்லை. அது முனை மழுங்கியது.

முதலில் கோடு. கால் பிரியும் டிவைடரை 3 மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்து, ஒரு காலைத் தோலின் ஓரத்தோடு ஓடவிட்டால் மறுகால் மேற்பரப்பில் மெல்லிய கோடு போடும். கோட்டைக் கீறி வாய்க்கால் எடுத்து நூலை அதில் புதைப்பவர்களும் உண்டு. தடித்த பெல்ட்டுக்கு அது சரி. மெல்லிய தோலில் மேற்பரப்பை வெட்டினால் பலமான பகுதியைத்தான் வெட்டுகிறோம், ஆகவே அங்கே வேண்டாம் என்பேன். அடுக்குகளை ஒட்ட, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெலிதாகத் தடவி, ஒட்டும் பதம் வரும்வரை காயவிட்டு அழுத்துங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

பிறகு கோட்டின் மேல் பல் வைத்த இரும்பு. சீரான இடைவெளியில் சாய்வான பற்கள் கொண்ட இந்தக் கருவியில் இரண்டு வகை. ஒன்று அடையாளம் மட்டும் பதிக்கும். துளையைக் குத்தூசி போட வேண்டும். மற்றது தோலை முழுக்கத் துளைத்துவிடும். பர்ஸுக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளி அழகாக இருக்கும், பைக்கும் பெல்ட்டுக்கும் 4. நேர்க்கோட்டில் நான்கு அல்லது ஆறு பல் வைத்ததையும், வளைவில் இரண்டு பல் வைத்ததையும் எடுங்கள். ஒருமுறை தட்டியதும் முதல் பல்லைக் கடைசித் துளையில் வைத்து அடுத்த அடி. இடைவெளி மாறாமல் இருக்க இதுவே வழி. தட்டுவதற்கு இரும்புச் சுத்தியல் ஆகாது, கருவியின் தலை நசுங்கிப் பரந்துவிடும். மரம் அல்லது பிளாஸ்டிக் சுத்தியல் எடுங்கள். அடியில் கிரானைட் கல், அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் பலகை, அதன்மேல் தோல். கல் இருந்தால் அடி எகிறாது, பலகை பற்களின் நுனியைக் காக்கும்.

பற்கள் ஏன் சாய்வாக இருக்கின்றன? கோட்டின் மேலேயே, கோட்டின் திசையிலேயே கீறல்களை வரிசையாகப் போட்டால் ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் நடுவில் மிஞ்சும் தோல் மிகக் குறைவு. தபால்தலைத் தாளில் கிழிப்பதற்காகப் போட்டிருக்கும் துளை வரிசைபோல, இழுத்தால் அந்தக் கோட்டிலேயே பிய்யும். கீறலைச் சாய்த்தால் இரண்டுக்கும் இடையிலான தோல் பாலம் அகலமாகிறது. நூலும் ஒரு கீறலின் கீழ் மூலையிலிருந்து அடுத்ததன் மேல் மூலைக்கு ஏறி இறங்குவதால், கைத்தையலுக்கே உரிய அந்தச் சாய்ந்த வரிசை வருகிறது. அழகும் பலமும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

இந்த வேலைக்கான குத்தூசிக்குக் கொக்கி இல்லை; அதன் அலகைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வைர வடிவம் தெரியும். வட்டத் துளையிடும் பஞ்ச் தோலைப் பெயர்த்து எடுத்துவிடுகிறது. வைர அலகோ எதையும் எடுப்பதில்லை. இழைகளைக் கீறி விலக்குகிறது, அவ்வளவுதான். நூல் போனபின் சுத்தியலால் மெல்லத் தட்டினால் இழைகள் நூலைச் சுற்றி மூடிக்கொள்ளும். குத்தும்போது முக்கியமானவை இரண்டு. அலகின் சாய்வு, பதித்த அடையாளத்தின் சாய்வோடு பொருந்த வேண்டும். அலகு தோலுக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். முன்பக்கம் சரியாக நுழைந்து பின்பக்கம் கோணலாக வெளிவந்தால் பின்தையல் அலைபாயும். மெல்லிய பர்ஸுக்குத் துளைக்கும் இரும்பே போதும் என்று பலரும் குத்தூசியைத் தொடுவதே இல்லை. ஆனால் பெட்டியின் மூலை, தடித்த வார், பல் இரும்பு நுழையாத இடுக்கு என்று வந்துவிட்டால் குத்தூசி ஒன்றுதான் துணை. ஆரம்பத்திலேயே பழகிவிடுங்கள்.

மனிதனின் மிகப் பழைய கருவிகளில் இதுவும் ஒன்று. 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுத்த, 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஊட்ஸி என்ற மனிதனின் இடுப்புப் பையில் எலும்புக் குத்தூசி இருந்தது. ஆபத்தானதும்கூட. பிரான்ஸில் குதிரைச் சாதனங்கள் செய்த தந்தையின் பட்டறையில் விளையாடிய 3 வயதுக் குழந்தையின் கண்ணில் கூரிய கருவி ஒன்று குத்தியது. அது குத்தூசி என்றே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அடுத்த கண்ணும் பாதிக்கப்பட்டுப் பார்வை முழுவதும் போனது. அந்தக் குழந்தைதான் பின்னாளில் புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்ல். வீட்டில் குழந்தைகள் இருந்தால் குத்தூசியின் நுனியில் கார்க் செருகி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். குத்தும்போது மறுபக்கத்தில் விரலை வைக்காதீர்கள், கார்க்கை வையுங்கள்.

தைக்கும்போது தோலைப் பிடித்துக்கொள்ள, தொடைகளுக்கு நடுவில் இடுக்கும் மரக் கவ்வி ஒன்று வேண்டும். இரண்டு கையும் ஊசிக்கே போய்விடுவதால் இது இல்லாமல் முடியாது. தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். முன்பக்கம் வலப்புறம் பார்க்கத் தோலைக் கவ்வியில் வையுங்கள். நூல் லினனோ பாலியெஸ்டரோ, தைக்கும் நீளத்தைப்போல நான்கு மடங்கும் கையில் பிடிக்கக் கொஞ்சமும் வெட்டுங்கள். தேன்மெழுகுக் கட்டியின் மேல் இரண்டு மூன்று முறை இழுத்தால் நூல் முறுக்கவிழாது, துளைக்குள்ளும் ஒட்டி நிற்கும். ஒவ்வோர் ஊசியிலும் நூலைக் கோத்து, நுனிக்குச் சற்றுத் தள்ளி நூலின் உடலையே ஊசியால் குத்தி இழுத்துப் பூட்டுங்கள். இனி ஊசி கழன்று விழாது.

முதல் துளையில் ஊசியை விட்டு, இரண்டு பக்கமும் நூல் சம நீளம் வரும்படி இழுங்கள். அடுத்த துளையில் இடது ஊசி முதலில் போகட்டும். அது வலப்பக்கம் வந்ததும் நூலை உங்களை நோக்கி இழுத்துத் துளையின் ஓரத்தில் ஒதுக்குங்கள். உங்களுக்கு அப்பால் மிஞ்சும் இடத்தில் வலது ஊசியை நுழையுங்கள். பாதி நுழைந்ததும் நிறுத்தி, முதல் நூலை லேசாக ஆட்டிப் பாருங்கள். அது தடையில்லாமல் ஓடினால் சரி. சிக்கினால் ஊசி நூலைக் குத்திவிட்டது; வெளியே எடுத்து மறுபடி விட வேண்டும். ஊசி மழுங்கியதாக இருப்பது இதற்காகத்தான். அப்புறம் இரண்டு கையையும் ஒரே சமயத்தில், ஒரே அளவு பலத்தோடு இழுத்து இறுக்குங்கள். ரொம்ப இறுக்கினால் தோல் சுருங்கி ஓரம் அலைபோல நெளியும். தளர்ந்தால் நூல் மேலே மிதக்கும். நூல் தோலின் மேல் படிந்து, சற்றே அமிழ்ந்து தெரிவதுதான் பதம்.

இந்த வரிசையை எந்தத் துளையிலும் மாற்றக் கூடாது. எந்த ஊசி முதலில், நூல் எந்தப் பக்கம் ஒதுங்கியது என்பது ஓரிடத்தில் மாறினாலும் அந்தத் தையல் மட்டும் சாய்வு இழந்து நேராக நிற்கும். கண் உடனே அங்கேதான் போகும். கடைசித் துளைக்கு வந்ததும் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து, நூலை ஒட்ட வெட்டிவிடுங்கள். பாலியெஸ்டர் என்றால் லைட்டரால் நுனியை உருக்கி அழுத்தலாம்.

ஓரத்தில்தான் கைவேலையின் தரம் தெரியும். மூலையை மழுக்கும் கருவியால் இரு பக்கக் கூர்மையையும் சீவி, 400 எண், பிறகு 600 எண் உப்புத்தாளால் அடுக்குகள் ஒன்றாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். தண்ணீரோ ட்ராகாகாந்த் என்ற பிசினோ மெலிதாகத் தொட்டு, வழவழப்பான மரக்கட்டையாலோ காடாத் துணியாலோ வேகமாகத் தேய்த்தால், நனைந்து இளகிய இழைகள் உராய்வுச் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இறுகுகின்றன. ஓரம் கறுத்து மினுங்கும். கடைசியில் கொஞ்சம் தேன்மெழுகு. குரோம் தோலில் இது நடக்காது, அதற்கு ஓரத்தில் பூசும் வண்ணம்தான். சாயமேற்றுவது, ஈரத்தோலில் பூவேலை செதுக்குவது எல்லாம் தனிக் கலைகள். தையல் கைக்கு வந்தபின் போய்க்கொள்ளலாம்.

நாற்பது ஐம்பது கருவிகளை ஒரே பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். வாங்காதீர்கள். அதில் இருக்கும் குத்தூசி பெரும்பாலும் தீட்டப்படாமல், வட்ட முனையோடு வரும். நல்ல கட்டர், இரும்பு ஸ்கேல், டிவைடர், நான்கு பல்லும் இரண்டு பல்லும் வைத்த இரும்புகள், வைர அலகுக் குத்தூசி, மழுங்கிய ஊசிகள், மெழுகு, நூல், ஒரு மரக் கவ்வி. முதல் ஆறு மாதத்துக்கு இவை போதும். மிச்சமாகும் பணத்தைத் தோலில் போடுங்கள்.

பர்ஸோ பையோ பல வருஷம் உழைத்தபின் நூல் தேயத்தான் செய்யும். அப்போது பழைய தையலைச் சின்னக் கத்தரியால் மேலே மட்டும் வெட்டி, நூல் துண்டுகளை ஊசி முனையால் தள்ளி எடுங்கள். குத்தூசியைக் கையில் எடுக்க வேண்டாம். மறுபடி குத்தினால் துளை அகன்றுவிடும். பழைய நூலின் தடிமனிலேயே புது நூல் கோத்து, பிரியாமல் நிற்கும் தையலில் இரண்டு துளைகளுக்கு முன்னாலிருந்தே தொடங்கி, ஏற்கெனவே இருக்கும் துளைகளில் இரண்டு ஊசியையும் விட்டுக்கொண்டே வாருங்கள். தைத்து முடித்ததும் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு, ஓரத்துக்குக் கொஞ்சம் மெழுகு. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றிக் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள்.